பங்கும் வாக்கும்



கேரித் தீவுக்கு அந்தப் பெயரைத் தந்தவர் எட்வர்டு வாலண்டைன் கேரி என்னும் வெள்ளைக்காரத் தோட்டக்காரர். கடல் நீர் ஏறும் சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்டி, கால்வாய் வெட்டி உருவானவை இங்குள்ள தோட்டங்கள். அந்தப் பாடு நம் பாட்டன் பாட்டிமார் போன்றோர் பட்டது. ஆனால், தோட்டம் யாருடையது? பிரட்டுக் களத்தில் நின்ற துரையையே முதலாளி என்று அன்று பலர் எண்ணினர். பெரும்பாலான தோட்டங்களில் அந்தத் துரையும் மாதச் சம்பளக்காரரே. உண்மையான உரிமை கம்பெனியின் பங்குகளை வைத்திருந்தவர்களிடம் இருந்தது.

1910ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் இறாத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அக்காலத்தில் மலாயாவின் ரப்பர் கம்பெனிகள் பல, 2 ஷில்லிங் விலையுள்ள சிறு பங்குகளை விற்றன. பால்மரத்தையே கண்டிராத மனிதர்கள் அவற்றை வாங்கி இலாப ஈவு பெற்றார்கள்.

பங்குகள் எல்லாம் ஒரே வகையல்ல. முக்கியமாக இரண்டு உண்டு. ஒன்று சாதாரணப் பங்கு. மற்றொன்று முன்னுரிமைப் பங்கு. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கம்பெனி 1,00,000 வெள்ளிக்கு முன்னுரிமைப் பங்குகளை விற்று, ஆண்டுக்கு 6 விழுக்காடு ஈவு என்று வாக்களித்திருக்கிறது. அந்த ஆண்டின் இலாபம் 6,000 வெள்ளி என்றால், அது முழுவதும் முன்னுரிமைப் பங்குதாரருக்கே போகும். சாதாரணப் பங்குதாரருக்கு ஒன்றுமில்லை. இலாபம் 30,000 வெள்ளியானாலோ, முன்னவருக்கு அதே 6,000தான். மீதி 24,000 வெள்ளி பின்னவருக்கு உரியது. கம்பெனி மூடப்பட்டால் கடன்களைத் தீர்த்த பிறகு, முன்னுரிமைப் பங்குதாரரின் முதலே பொதுவாக முதலில் திரும்பும். அதற்கு ஈடாக, வாக்களிக்கும் உரிமை பெரும்பாலும் சாதாரணப் பங்குதாரரிடமே இருக்கும். ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பங்குக்கு ஆயிரம் வாக்கு.

இந்த வாக்கின் வலிமை என்ன? 1981 செப்டம்பர் 7ஆம் நாள், இலண்டன் பங்குச் சந்தையில் நம் நாட்டின் தேசிய முதலீட்டு நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை ஒரு காலைப்பொழுதிலேயே வாங்கிக் குவித்தது. வெள்ளையர் கையில் நெடுங்காலம் இருந்த தோட்டங்கள் துப்பாக்கி வெடிக்காமலே மலேசியர் கைக்கு மாறின. மரம் ஒன்றும் அசையவில்லை. வாக்குகள்தாம் இடம் மாறின.

வாக்கு இல்லாதவரின் கதியையும் நாம் கண்டிருக்கிறோம். 1950களின் பிற்பகுதியில் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்கள் பங்குதாரர்கள் அல்லரே!

அந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்த்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளர்களை வேண்டினார். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவரே தோட்டத்தின் பங்காளியானார்.

கூட்டுறவுப் பங்கு வேறு இனம். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டுக் கடை திறந்தபோது வேரூன்றிய நெறி இது: பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. பத்துப் பங்குக்காரரும் நூறு பங்குக்காரரும் கூட்டத்தில் சமம். ஆனால் இந்தப் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. விலை ஏறி இலாபம் தராது. விலகும்போது சங்க விதிப்படி பணம் திரும்பும்.

1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்னும் கம்பெனி உருவானது. ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. தாலியை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களும் உண்டு என்பர். சங்கத்தைப் போல எண்ணிச் சேர்ந்தவர் பலர். ஆனால் அது கம்பெனி. அங்கே தலைக்கு ஒரு வாக்கு இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாததால், விற்க நினைத்தவருக்கு வாங்குவோர் எளிதில் கிடைக்கவில்லை. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்புக்குப் பின் பலருக்குக் கிடைத்த பலன் அதுவே.

ஆகவே நேயர்களே, பங்குப் பத்திரம் நீட்டப்படும்போது கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது கம்பெனியா, கூட்டுறவுச் சங்கமா? எந்த வகைப் பங்கு? எனக்கு எத்தனை வாக்கு? பணம் வேண்டுமென்றால் யாரிடம், எப்படித் திரும்பப் பெறுவது? பள்ளி செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் பத்திரத்தை அதன் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், அன்றைய வேலையை ஒத்திவைத்தாவது போய் அமருங்கள்.

தோட்டத்தை உண்டாக்கிய நம் பாட்டன்மாருக்கு அங்கே ஒரு வாக்குகூட இருக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பதை வீணாக்க வேண்டாம்.