பரணும் வெயிலும்: மதுரைச் சமவெளி வீடுகளின் மேற்புற வரலாறு

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில், 2014–15ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்த பொருட்களுள் கூரை ஓடுகள் குறிப்பிடத்தக்கவை. அவற்றின் மேல்விளிம்பில் இரு துளைகளும், மழைநீர் வடிவதற்காக ஈர மண்ணில் விரலால் இழுக்கப்பட்ட பள்ளங்களும் காணப்படுகின்றன. ஓட்டை மரச்சட்டத்தோடு கயிற்றால் பிணைப்பதற்கே துளையிட்டனர் என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியாயின், சரிவான கூரையை மரச்சட்டத்தின் மீது நிறுத்தும் கட்டுமுறை இச்சமவெளியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. சரிவுக் கூரை எங்கு அமைந்தாலும், அதற்கும் மனிதர் நிமிர்ந்து நடமாடும் உயரத்திற்கும் இடையே முக்கோண வடிவில் ஓர் இடம் மிஞ்சுகிறது. அவ்விடத்தைத் தளமிட்டுப் பொருள் வைக்கவும் வெயிலைத் தடுக்கவும் ஒருசேரப் பயன்படுத்திய முறையும், பிற்காலத்தில் அவ்விரு பயன்களும் தனித்தனியே பிரிந்துபோன விதமும் மதுரைப் பகுதி வீட்டுக் கட்டுமானத்தின் வரலாற்றில் ஒரு முக்கியமான இழையாகும்.

இப்பகுதியின் தட்பவெப்பமே அத்தேவையை உண்டாக்கியது. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடுவதும் கடப்பதும் வழக்கம். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுவதால், ஒரு போகத்தில் விளைந்ததை ஆண்டு முழுவதற்கும் காத்துவைக்க வேண்டியிருந்தது. நெல் கனமான பொருளாகையால், குலுக்கை எனப்படும் மண்ணாலான பெருங்கூட்டில் தரைமட்டத்திலேயே வைக்கப்பட்டது. எடை குறைந்தனவும், ஈரமும் கரையானும் படக்கூடாதனவும் மேலே ஏற்றப்பட்டன. அவ்வாறு ஏற்றி வைப்பதற்காகச் சுவருக்குச் சுவர் அமைக்கப்பட்ட தளமே பரண் ஆகும்.

சிற்றூர்களில் பரண் கட்டுவதற்குத் தச்சரை எதிர்பார்க்க வேண்டியதில்லை; வீட்டாரும் அண்டை அயலாரும் சேர்ந்தே அதனை முடித்துக்கொள்ள இயலும். பனைமரத்தின் உறுதி அதன் வெளிப்புறத்துக் கருநிற வைரத்திலேயே இருப்பதால், முதிர்ந்த மரத்தை நெடுக்காகப் பிளந்து, உட்சோற்றை நீக்கி, வைரப்பகுதியை மட்டும் கைகளாக, அதாவது நீண்ட சட்டங்களாக, எடுத்துக்கொள்வர். இச்சட்டங்கள் ஒன்று அல்லது ஒன்றரை அடி இடைவெளியில் சுவர்களின் மீது கிடத்தப்பட்டு, அவற்றின் குறுக்கே மூங்கில் பிளாச்சுகளோ, திருமங்கலம் கரிசல்காட்டு ஊர்களில் எளிதாகக் கிடைத்த பருத்திமாரோ பரப்பிப் பனைநாரால் இறுக்கிக் கட்டப்பட்டன. அதன்மேல் ஓலைப்பாய் விரித்து, வைக்கோலும் சாணமும் கலந்து மிதித்துப் பிசைந்த மண்ணை மூன்று நான்கு விரற்கடைக் கனத்தில் பூசி உலரவிட்டால் மண்மச்சு உருவாகும். ஒரு மூலையில் ஆள் நுழையுமளவு வாய் விட்டு, அதற்கு ஏணி சாத்தப்பட்டது. பாரத்தைச் சுவரோரமாகவும், இலகுவானவற்றை நடுவிலும் வைக்க வேண்டும் என்பது சட்டம் வளையாமல் இருப்பதற்காக அனுபவம் கற்பித்த ஒழுங்காகும்.

மண்பூச்சு பொருளைத் தாங்கும் தளமாக மட்டும் இருக்கவில்லை. பனையோலையோ நாட்டோடோ வெயிலில் காய்ந்து கீழ்நோக்கி வெப்பத்தை உமிழும்போது, பரணுக்கு மேலுள்ள காற்று முதலில் சூடேறி, ஓட்டு இடுக்குகள் வழியாகவும் முக்கோணச் சுவரில் விடப்பட்ட துளைகள் வழியாகவும் வெளியேறிவிடும். எஞ்சிய வெப்பம் கனத்த மண்படலத்தைக் கடந்து கீழறையை அடைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூரையில் தீப்பிடித்த வேளைகளிலும், எரிந்து விழும் ஓலையைத் தாங்கிக் கீழே உள்ள பொருட்களுக்குச் சிறிது அவகாசம் அளித்தது அதே மண்படலம்தான்.

பரணில் அடுக்கப்பட்ட பொருட்களும் வெயிலைத் தடுக்கும் பணியில் தாமறியாமல் பங்கு கொண்டன. விதைநெல்லை வைக்கோலால் உருண்டையாகப் பொதிந்து, வைக்கோற்புரியால் இறுக்கி, மேலே சாணம் மெழுகிக் கட்டும் விதைக்கோட்டைகள், சுரைக்குடுக்கையில் அடைத்த காய்கறி விதைகள், சின்ன வெங்காயம், பானையில் அடக்கிய புளி, நல்ல விலைக்குக் காத்திருந்த பருத்தி ஆகியவை அங்கு இடம்பெற்றன. அடுப்பங்கரைக்கு மேலுள்ள பரணில் விறகுப்புகை நாள்தோறும் படிந்து வண்டு அண்டாமல் தடுத்தமையால், விதைக்கு அப்பகுதியே விரும்பப்பட்டது. வைக்கோலும் பஞ்சும் தமக்குள் அசையாத காற்றைச் சிறைப்படுத்தி வைக்கும் இயல்புடையவை. அசையாக் காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். எனவே பரண் நிறைந்திருந்த காலத்தில் அதன் கீழுள்ள அறை கூடுதல் பாதுகாப்பைப் பெற்றது.

இதே இயற்பியல் விதியைக் குளிர்நாட்டினர் எதிர்த்திசையில் பயன்படுத்துகின்றனர். பிரிட்டனில் 1978ஆம் ஆண்டின் வீட்டு வெப்பக்காப்புச் சட்டம், கூரைக்கடியில் காப்புப் பொருள் இடுவதற்கு அரசு மானியம் வழங்க வழிசெய்தது. இன்று அங்கு 270 மில்லிமீட்டர் கனத்திற்குக் கண்ணாடி நாரிழைப் பஞ்சு பரப்புவது பரிந்துரைக்கப்படுகிறது. பொருள் வைப்பதற்காகப் பலகை அடிப்பவர்கள் பஞ்சை நசுக்காதபடி, சட்டத்தின் மேல் கால்கள் நிறுத்தி, அவற்றின்மீதே பலகையைப் பொருத்துகின்றனர். பஞ்சு நசுங்கினால் அதனுள்ளிருக்கும் காற்று குறைந்து, காப்புத்திறனும் குறைந்துவிடும். அங்குப் பரணின் பணி உள்ளிருக்கும் வெப்பம் மேலேறித் தப்பாமல் காப்பது. மதுரையில் அதன் பணி மேலிருக்கும் வெப்பம் கீழிறங்காமல் காப்பது.

நகருக்குள் வரலாறு வேறு பாதையில் சென்றது. 1636ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமலை நாயக்கர் அரண்மனையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த வளைவுகளும் குவிமாடங்களுமே வெயிலைத் தாங்கின. அத்தகைய கட்டுமானம் அரசர்க்கே இயன்றது. மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் அமைந்த வசதிபடைத்தோர் வீடுகள், தட்டட்டி எனவும் மட்டப்பா எனவும் வழங்கப்படும் தட்டையான தளத்தை ஏற்றன. பின்னாளில் மெட்ராஸ் டெரஸ் என்ற பெயரில் கட்டடநூல்களில் இடம்பெற்ற இம்முறையில், தேக்குச் சட்டங்களின் மேல் ஓரங்குலக் கனமுள்ள சிறு செங்கற்கள் மூலைவாட்டில் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிக்கப்பட்டன. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த படலத்தை மூன்று நான்கு அங்குலக் கனத்தில் இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, சித்தாள்கள் மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினர். இறுதியில் தட்டோடுகள் பதித்து, மழைநீர் வடிவதற்கு வாட்டம், அதாவது சிறு சரிவு, கொடுக்கப்பட்டது.

தட்டையான தளத்தின் கீழ் முக்கோண இடம் கிடையாது; ஆயினும் அறைகள் பன்னிரண்டு அடிக்கும் மேல் உயர்ந்திருந்தமையால், ஒரு பக்கத்தில் பலகை மச்சு அமைத்துப் பித்தளைப் பாத்திரங்களையும் திருவிழாச் சாமான்களையும் அடுக்க இடமிருந்தது. 1875இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபின், தொலைவிலிருந்து மரமும் ஓடும் கொண்டுவருவது எளிதாயிற்று. பர்மாத் தேக்கும், 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த சீமை ஓடும் இப்பகுதி வீடுகளில் பரவின. ஒன்றோடொன்று கொக்கியிட்டுப் பொருந்தும் சீமை ஓடு ஒழுக்கைக் குறைத்தது; ஆனால் இரண்டு மூன்று அடுக்காக வேயப்பட்ட நாட்டோட்டைப் போலன்றி ஒற்றைப் படலமாக இருந்ததால், வெப்பத்தை எளிதில் உள்ளே விட்டது. ஆகவே சீமை ஓட்டின் கீழ்ப் பலகை மச்சு அலங்காரம் என்ற நிலையைக் கடந்து தேவையாகவே ஆயிற்று. அண்டைப் பகுதியான செட்டிநாட்டில் நாட்டோட்டைப் பல அடுக்குகளாக வேய்ந்ததும் இதே சிக்கலுக்குச் செல்வர் கண்ட விடையாகும்.

1895 அக்டோபரில் பெரியாறு அணையின் நீர் திறக்கப்பட்டபின் மதுரை, மேலூர்ப் பகுதிகளில் நெல் சாகுபடி விரிவடைந்தது. விளைச்சலோடு விதைக்கோட்டைகளின் தேவையும் வளர்ந்தது. பரணின் களஞ்சியப் பயன் மங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். விதையை வேளாண்மைக் கிடங்குகளும், நெல்லை அரவை ஆலைகளும் கவனித்துக்கொள்ள, விறகடுப்பின் இடத்தை எரிவாயு பிடித்துக்கொள்ள, பரணுக்குப் புகையும் இல்லை, விதையும் இல்லை என்றாயிற்று.

அதே காலத்தில் சிமெண்ட் கட்டுமானமும் பரவியது. 1949இல் திருநெல்வேலிக்கு அருகே சங்கர்நகரில் தொடங்கிய ஆலையைப் போன்றவை சிமெண்டைத் தென்மாவட்டங்களுக்கு எட்டச் செய்தன. கம்பி கட்டி வார்த்த நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சி, மாலையிலிருந்து நள்ளிரவு வரை அறைக்குள் உமிழ்கிறது. அறையின் உயரமும் பத்தடியாகக் குறைந்தது. வாசலுக்கு மேலுள்ள லிண்டல் ஏழடி உயரத்தில் நிற்க, அதன் மட்டத்திலேயே இரண்டடி அகலத்தில் நீட்டி வார்க்கப்பட்ட கான்கிரீட் பலகை லாஃப்ட் என்னும் பெயரோடு பரணின் இடத்தைப் பெற்றது. அது சுவரோரத்தை மட்டும் மூடுவதால் வெயிலோடு அதற்குத் தொடர்பே இல்லை. வெயிலைத் தடுக்கும் வேலை தளத்தின் மேற்புறத்திற்குப் போயிற்று. செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும், சில இடங்களில் கவிழ்த்துப் பதித்த மண்பானைகளும், அண்மையில் வெள்ளைப் பூச்சும் குளிர்ச்சி தரும் ஓடுகளும் அதற்காகத் தனிச்செலவில் இடப்படுகின்றன.

ஒரே கட்டமைப்பு செய்த வேலைக்கு இரண்டு கட்டமைப்புகள் தேவைப்பட்டமையே கான்கிரீட் காலம் கொணர்ந்த மாற்றம். எனினும் இன்று மதுரையின் மொட்டைமாடிகளை நோக்கினால், கட்டட நூல்கள் வகுக்காத ஒரு திருத்தத்தை வீட்டார் தாமே செய்துவருவது தெரிகிறது. மாடியில் இரும்புக் கால்கள் நிறுத்தித் தகரக் கொட்டகை போடும் வழக்கம் பரவலாகியுள்ளது. பக்கங்கள் திறந்திருப்பதால் தகரத்தின் கீழ்ச் சூடேறிய காற்று நிற்காமல் வெளியேறுகிறது. தளத்தின்மீது நேர்வெயில் விழுவதில்லை. உடைந்த கட்டிலும் சைக்கிளும் அண்டாவும் அங்கேயே அடைக்கலம் பெறுகின்றன. கான்கிரீட் தளம் இங்கு மண்மச்சின் இடத்திலும், தகரம் ஓலையின் இடத்திலும் இருக்கின்றன. பொருள் வைக்கும் இடமும் வெயில் தடுப்பும் மீண்டும் ஒரே அமைப்பாகியுள்ளன. புதிய வீட்டுக்கு வரைபடம் தீட்டுவோர் இவ்வமைப்பைப் பின்னர் வந்து ஒட்டும் கொட்டகையாகக் கருதாமல், தொடக்கத்திலேயே வீட்டின் உறுப்பாகக் கொண்டால், கீழடிக் காலம் தொட்டுச் சரிவுக் கூரை அளித்துவந்த பயன் தட்டைக் கூரை வீட்டிற்கும் கிடைக்கும்.