இரண்டு கருவிகள், ஒரே எண்

திருப்பூரில் நெய்யப்படும் ஒரு பனியன், உடுப்பவர் கைக்கு வந்து சேருமுன் பல இடங்களைக் கடக்கிறது. நூல், நிட்டிங் பொறியில் துணியாகிறது. துணி, சாயப்பட்டறைக்குப் போய் நிறம் பெறுகிறது. பின்னர் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கை மாறிக்கொண்டே செல்கிறது. பல வேலைகள் ஜாப் ஒர்க்காக வெவ்வேறு இடங்களில் நடைபெறும். இத்தனை கைகளுக்கு இடையே துணி தன் அடையாளத்தை இழந்துவிடாமல் காப்பது அதன் மீது எழுதப்படும் லாட் எண்ணேயாகும். கண்ணுக்கு ஒரே நீலமாகத் தோன்றும் இரு துணிகளும், தனித்தனி முறை சாயம் ஏறியவையாயின், சிறிதேனும் நிறம் வேறுபடக்கூடும். அவ்விரண்டுக்கும் தவறுதலாக ஒரே லாட் எண் இடப்பட்டுவிட்டால், ஒன்றின் முதுகும் மற்றொன்றின் கையும் ஒரே சட்டையில் வந்து சேரும். துணியில் குறையில்லை, சாயத்தில் குறையில்லை, தையலிலும் குறையில்லை. ஆயினும் சட்டை தள்ளுபடியாகிவிடும். குறை, எண்ணில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! இதே இயல்புடைய ஒரு வழு 1980-களிலும் 1990-களிலும் உலகெங்கும் இருந்த மேசைக் கணினிகளை ஆட்டிப் படைத்தது. கருவிகள் யாவும் நல்லவை. தனித்தனியே வைத்தால் செவ்வனே இயங்குபவை. ஆனால் ஒரே பெட்டிக்குள் ஒன்றாக வைத்ததும் அவற்றுள் ஒன்றோ இரண்டுமோ செயலற்றுப் போகும். இதனை வன்பொருள் மோதல் என்பர். அது எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு தீர்ந்தது என்னும் வரலாற்றில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உள்ளது.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. வேண்டிய கருவியின் அட்டையை அவற்றுள் செருகிக் கணினியின் ஆற்றலைப் பெருக்கிக்கொள்ளலாம். அக்கணினியின் மின்சுற்று அமைப்பையும் அந்நிறுவனம் நூலாக அச்சிட்டு வெளிப்படுத்தியது. ஆகவே வேறு நிறுவனங்களும் அதற்கேற்ற அட்டைகளைச் செய்து விற்கத் தொடங்கின. விலை குறைந்தது, கணினி பரவியது. ஆனால் எவருடைய அட்டை எந்த எண்ணைக் கொள்வது என்று பங்கிட்டுத் தரும் பொது அதிகாரம் எதுவும் இல்லை. பிற்கால மோதல்களுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

எண் என்று கூறியது யாது? ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் எட்டு மணிகள் தொங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு மணியின் கயிறும் ஒவ்வொரு வகுப்பறைக்குச் செல்கிறது. வகுப்பில் தேவை ஏற்பட்டால் கயிற்றை இழுப்பார்கள், மணி ஒலிக்கும், தலைமையாசிரியர் கைவேலையை நிறுத்திவிட்டு அந்த வகுப்புக்குச் செல்வார். கணினியின் மையச் செயலியும் இவ்வாறே பணியாற்றுகிறது. விசைப்பலகையோ, வட்டோ தன்னை அழைப்பதற்கென்று முதற் கணினியில் எட்டு அழைப்புத் தடங்கள் அமைந்திருந்தன. அவற்றுக்கு 0 முதல் 7 வரை எண்கள். கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, ஃபிளாப்பி வட்டுக்கு 6, அச்சுப்பொறிக்கு 7, இரு தொடர்வாயில்களுக்கு 4-உம் 3-உம். எட்டு என்பது விரைவில் போதாமற் போயிற்று. 1984-இல் வந்த ஏ.டி. என்னும் கணினியில் இன்னும் ஓர் எட்டைச் சேர்த்தனர். இரண்டு தொகுதிகளையும் இணைப்பதற்கே ஒரு தடம் செலவாகிவிட்டதால் பயன்பட்டவை 15.

இரு வகுப்புகள் ஒரே கயிற்றைப் பகிர்ந்துகொண்டால் என்ன? அக்காலப் பொதுத்தடத்தின் இயல்பு அதற்கு இடம் தரவில்லை. மணி ஒலிக்கத் தொடங்கும் கணத்தை மட்டுமே செயலி கவனித்தது. முன்பே ஒலித்துக்கொண்டிருக்கும் மணியை மற்றொருவர் இழுத்தால், அது புதிய அழைப்பாகக் கணக்கிடப்படவில்லை. இரண்டாம் கருவியின் குரல் காற்றோடு போயிற்று.

இம்மோதலின் பொல்லாத தன்மை, அது எப்போதும் வெளிப்படாமல் ஒளிந்திருப்பது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சவுண்டு பிளாஸ்டர் ஒலி அட்டை, தொடக்கத்தில் 7-ஆம் தடத்திலேயே அமைக்கப்பட்டு வந்தது. அதுவோ அச்சுப்பொறியின் தடம். ஆயினும் டாஸ் இயங்குதளத்தில் அச்சிடுதல் பெரும்பாலும் அழைப்புத் தடத்தை நம்பியிராமையால் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தடத்தைப் பயன்படுத்தும் வேறு மென்பொருள் வந்தபோதுதான் தொல்லை தலைகாட்டியது. நேற்றுவரை இயங்கியது இன்று இயங்காதது கண்டு, அட்டை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியோர் உண்டு.

திருப்பூர் போன்ற வணிக நகரங்களுக்கு மிகவும் பொருந்தும் எடுத்துக்காட்டு மோடத்தின் கதை. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது 1990-இல். விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்டு 15-இல். கடல் கடந்த வணிகரோடு நிகழ்ந்த எழுத்துப் போக்குவரத்து அதன் பின்னர் மெல்ல மெல்ல மின்னஞ்சலுக்கு மாறத் தொடங்கியது. அந்நாளில் இணையத்தை எட்டுவதற்கு வழி, தொலைபேசிக் கம்பியில் மாட்டும் மோடமே. கணினிக்குள் செருகும் மோடம் தன்னை மூன்றாம் தொடர்வாயில் என்று கூறிக்கொள்வது வழக்கம். முதல் தொடர்வாயிலிலோ மவுஸ் இருக்கும். இவ்விரு வாயில்களுக்கும் முகவரிகள் வேறு. ஆனால் அழைப்புத் தடம் இரண்டுக்கும் ஒன்றே, 4. வாயில்களைப் பெருக்கியவர்கள் தடங்களைப் பெருக்கவில்லை. விளைவு யாது? மோடம் எண்ணைச் சுழற்றத் தொடங்கியதும் திரையில் மவுஸின் அம்பு அசையாமல் நின்றுவிடும். மவுஸும் நல்லது, மோடமும் நல்லது. அனுப்பவேண்டிய மடல் மட்டும் கணினியிலேயே தங்கிவிடும்.

இத்தகைய வேளையில் அறிவுடையோர் கையாண்ட முறை எளியது. பொறுமையை மட்டுமே வேண்டுவது. முதலாவது, கடைசியாகச் சேர்க்கப்பட்ட பொருள் எது என்று கேட்டறிவது. இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இன்றியமையாதவை தவிர ஏனைய அட்டைகளைக் கழற்றிவிடுவது. மூன்றாவது, ஒரு தாளில் 0 முதல் 15 வரை எண்களை எழுதி, எந்த எண் எந்தக் கருவிக்கு என்று குறித்துக்கொள்வது. நான்காவது, ஒவ்வோர் அட்டையாகத் திரும்பச் செருகி, ஒவ்வொரு முறையும் சோதிப்பது. மோதும் அட்டை வெளிப்பட்டதும், அதன் மேல் உள்ள ஜம்பர் என்னும் சிறு செருகியை ஓர் ஊசிக் கம்பியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, காலியான எண்ணைத் தரவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவது கூடாது. மாற்றினால் நோய் தீர்ந்தாலும் மருந்து எதுவென்று தெரியாது. மேற்சொன்ன மோடத்துக்கு, மவுஸ் தொடாத வேறொரு தடத்தை அளித்ததும் தொல்லை ஒழிந்தது.

இவ்வாறு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தாளும் குறடுமாக அமர்ந்திருப்பது நிலையான தீர்வு ஆகாதன்றோ? 1987-இல் ஐ.பி.எம். நிறுவனமே ஜம்பர் வேண்டாத புதிய பொதுத்தடம் ஒன்றைக் கொண்டுவந்தது. அமைப்பு மேலானது, ஆனால் அதனைப் பயன்படுத்தப் பிறர் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. காம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் 1988-இல் ஒன்றுகூடித் தமக்கென வேறொரு பொதுத்தடத்தை வகுத்தன. சிறந்த அமைப்பாயினும், யாவரும் ஒப்புக்கொள்ளாவிடில் அது பொது நெறி ஆவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1992-இல் இன்டெல் நிறுவனம் பி.சி.ஐ. என்னும் பொதுத்தடத்தை வெளியிட்டது. இதில் மணி ஒலிக்கத் தொடங்கும் கணம் மட்டுமல்ல, ஒலித்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் கவனிக்கப்பட்டது. ஒருவரது குறையைத் தீர்த்த பின்னும் ஒலி ஓயாவிடில், மற்றொருவரும் அழைக்கிறார் என்று செயலி உணர்ந்துகொள்ளும். எனவே ஒரு கயிற்றைப் பலர் பகிர்ந்துகொள்ள வழி பிறந்தது. 1993-இல் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் பழைய வகை அட்டைகளுக்கும் ஒரு நெறி வகுத்தன. அதன்படி அட்டை தன் பெயரையும் தேவையையும் தானே கூறும். கணினி காலியான எண்ணைப் பார்த்து வழங்கும். 1995 ஆகஸ்டு 24-இல் வந்த விண்டோஸ் 95 இந்நெறியை இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தது. தொடக்கத்தில் அது பலமுறை பிழைத்தது. எண்ணைத் தானே கூறத் தெரியாத பழைய அட்டைகளும் அதே பெட்டியில் இருந்தமை அதற்கு ஒரு காரணம். செருகிவிட்டுத் தெய்வத்தை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று பயன்படுத்துவோர் எள்ளி நகையாடினர். ஆயினும் மோதும் கருவியின் பெயருக்கு அருகே மஞ்சள் நிறத்தில் ஒரு வியப்புக்குறியை இட்டுக் காட்டியதே பேருதவி. நோய் இருக்குமிடம் கண்ணுக்குத் தெரிந்தது. 1996-இல் யு.எஸ்.பி. வந்த பின் மவுஸ், அச்சுப்பொறி போன்ற வெளிக்கருவிகள் தனித்தனித் தடம் கேட்கும் தேவையே நீங்கியது. இன்றைய கணினிகளின் உள்ளட்டைகள் கயிற்றை இழுப்பதில்லை. அழைப்பைச் செய்தியாகவே எழுதி அனுப்பிவிடுகின்றன.

பழைய கணினிகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஃபிளாப்பி வட்டிலிருந்தே பூவேலை வடிவங்களைப் படிக்கும் பழைய எம்பிராய்டரிப் பொறிகளுக்கு, அவ்வட்டை எழுதவல்ல கணினி வேண்டும். கார்பன் படியோடு சலான் அடிப்பதற்கு, தாளில் ஊசியால் தட்டி அச்சிடும் பொறி வேண்டும். அத்தகைய கணினி ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், இந்த வரலாறு பழங்கதை அன்று; பயன்படும் கருவி.

அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. இரண்டு நல்ல பொருள்கள் சேர்ந்து இயங்காதபோது, அவற்றுள் ஒன்றைக் கெட்டது என்று தீர்ப்பளித்துத் தூர எறிவது எளிது. அவ்வாறு குப்பைக்குப் போன நல்ல அட்டைகளுக்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை. இருவருக்கும் ஒரே இடத்தை ஒதுக்கியவர் யார் என்று கேட்பதே ஆராய்ச்சியின் தொடக்கம். பொருளைப் பழிக்குமுன் பதிவேட்டைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள். கணினிக்கு மட்டுமன்று, சோதனைச்சாலைக்கும் பனியன் பட்டறைக்கும் இந்நெறி பொருந்தும்.