காணியும் தேவாலய முற்றமும்

நிலம் இழந்தவர்களின் பசியைத் தானப் பொட்டலங்களால் தீர்த்துவிட முடியுமா?

1865இல் விடுதலைபெற்ற அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய 40 ஏக்கர் காணிகளை, அதே ஆண்டே பழைய எசமானரிடம் திருப்பிக்கொடுக்க ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் உத்தரவிட்டார். ஆயினும் சொந்தக் காணியிலும் குத்தகையிலுமாக 1920இல் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தனர். 1997இல் எஞ்சியோர் சுமார் 18,000. அரச விவசாயத் திணைக்களம் கடன் வழங்குவதில் காட்டிய பாகுபாடு இதற்கொரு முக்கிய காரணம். 1999இல் பிக்ஃபோர்ட் வழக்கில் அது நட்டஈட்டுக்கு இணங்கியது.

பால்ரிமோர் நகரின் பிளெசன்ற் ஹோப் பப்ரிஸ்ற் தேவாலயத்தில் போதகர் ஹீபர் பிரவுண் முதலில் முற்றத்தில் தோட்டம் போட்டார். 2015இல் நகரம் கொந்தளித்தபோது கறுப்பின விவசாயிகளின் மரக்கறி தேவாலயங்களுக்கு வந்தது. அவ்வாண்டே கறுப்பினத் தேவாலய உணவுப் பாதுகாப்பு வலையமைப்பு பிறந்தது. ஞாயிறு ஆராதனை முடிய, அங்கேயே சந்தை.

ஒருகாலம் வரலாறு படிப்பித்து, இன்று தொழிற்சாலையில் மரக்கறி பொதிசெய்யும் எனக்கு, விளைவிப்பவனுக்கும் உண்பவனுக்கும் இடையே எத்தனை கைகள் இலாபம் எடுக்கின்றன என்பது தெரியும். தேவாலயத்திடமோ காணி, சமையலறை, வாகனம், வாரந்தோறும் கூடும் சனம் எல்லாம் உண்டு. இந்தச் சந்தை பறிபோன நிலத்தை மீட்காது. ஆனால் எஞ்சிய காணியை விற்காமல் ஒரு விவசாயி தாக்குப்பிடிக்க உதவும். தானம் அதைச் செய்யாது.