கட்டக் காசு இருக்கு, இடிக்கக் காசு இல்லை: ஜப்பானின் மூடிய பள்ளிகள்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. கடைசிப் பிள்ளையும் பஸ் ஏறி பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போயாச்சு. மூணு மாடி கான்கிரீட் கட்டடம், மைதானம், நீச்சல் குளம் எல்லாம் அப்படியே நிக்குது. அதை இடிக்கணும்னா காசு யார் கொடுக்கணும்?

கேட்கும்போது ஏதோ நகராட்சி டெண்டர் விவகாரம் மாதிரி இருக்கும். ஆனா ஜப்பானில் இந்தக் கேள்விக்குப் பின்னால் 150 வருஷக் கதை இருக்கு. அங்கே மூடிய பள்ளிக்கு 'ஹைகோ'ன்னு தனி வார்த்தையே உண்டு. 2002 முதல் 2020 வரைக்குமான கல்வி ஆண்டுகளில் மட்டும் 8,580 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டிருக்கு. அந்தக் கட்டடங்களோட கதையைப் புரிஞ்சுக்கணும்னா, முதல்ல அவை எப்படி எழுந்தன, யார் காசில் எழுந்தனன்னு பார்க்கணும்.

1872க்குப் போவோம். மெய்ஜி அரசு பதவிக்கு வந்து நாலு வருஷம்தான் ஆச்சு. 'ககுசேய்' என்ற கல்விச் சட்டத்தைக் கொண்டு வர்றாங்க. நாட்டை 8 பல்கலைக்கழக வட்டாரங்களா பிரிக்கணும். ஒவ்வொன்றிலும் 32 நடுநிலைப் பள்ளி வட்டாரங்கள். அந்த ஒவ்வொன்றிலும் 210 தொடக்கப் பள்ளிகள். பெருக்கிப் பாருங்க, 53,760 வரும். சுமார் 600 பேருக்கு ஒரு பள்ளிங்கிற கணக்கு.

திட்டம் டோக்கியோவில் போட்டாங்க. பில் கிராமத்துக்கு வந்துச்சு. பிள்ளைகள் கட்டணம் கட்டணும், ஊர் வீடு வீடா வரி வசூலிக்கணும், வசதியானவங்க நன்கொடை தரணும். வயலில் உதவிக்கு இருந்த பிள்ளையையும் அனுப்பணும், அதுக்குக் காசும் கட்டணும். 1873இல் மேற்கு ஜப்பானின் பல இடங்களில் கலவரம் வெடிச்சது. கட்டாய ராணுவ சேவை, சாதி ஒழிப்பு ஆணைக்கு எதிர்ப்பு, விலைவாசின்னு காரணங்கள் பல. ஆனா கூட்டம் அடிச்சு நொறுக்கின, தீ வச்ச இடங்களில் புதுப் பள்ளிக்கூடங்களும் இருந்தன. அதாவது, ஜப்பானில் பள்ளிகளை முதன்முதலா இடிச்சது அவற்றுக்குக் காசு கொடுத்த மக்களேதான்.

இதுக்கு நேர் எதிரான இன்னொரு பக்கமும் அதே காலத்தில் இருக்கு. மட்சுமோட்டோ நகரத்தில் 1876இல் கைச்சி பள்ளி கட்டினாங்க. எட்டுக்கோண கோபுரம், வெள்ளைச் சுவர், வாசலுக்கு மேலே தேவதைச் சிற்பம். செலவு சுமார் 11,000 யென், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் ஊர்மக்கள் போட்டது. 2019இல் அந்தக் கட்டடம் தேசியப் பொக்கிஷமா அறிவிக்கப்பட்டது. எரிச்ச ஊருக்கும் கட்டிய ஊருக்கும் ஒரு விஷயம் பொது: பள்ளிங்கிறது தன் பையிலிருந்து போன காசுன்னு ரெண்டு ஊருக்குமே தெரியும்.

அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்ப சுவாரசியமானது. 1889 வாக்கில் அரசு கிராமங்களை இணைக்குது. 71,314 ஊர்கள் ஒரே வருஷத்தில் 15,859 ஆயிடுச்சு. ஒரு புதுக் கிராமம் எவ்வளவு பெருசா இருக்கணும்? 300 முதல் 500 வீடுகள்னு ஒரு அளவு வச்சாங்க. ஒரு தொடக்கப் பள்ளியை நடத்துற வசதி ஊருக்கு இருக்கணும்ங்கிறது அந்த அளவுக்கு முக்கியமான காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதே கதை இன்னொரு முறை நடக்குது. 1947இல் ஆறு வருஷம் தொடக்கப் பள்ளி, மூணு வருஷம் நடுநிலைப் பள்ளின்னு கட்டாயக் கல்வி நீளுது. நடுநிலைப் பள்ளி நடத்துறது ஊராட்சியோட பொறுப்பு. சின்ன ஊர்களால் முடியல. 1953இல் இணைப்புச் சட்டம் வருது. இந்த முறை அளவு 8,000 பேர். ஒரு நடுநிலைப் பள்ளியைத் தாங்கக்கூடிய மக்கள்தொகை அது. 1961க்குள் 9,868 ஊராட்சிகள் 3,472 ஆகுது. நாம பொதுவா ஊர் இருக்கு, அதனால பள்ளி வந்துச்சுன்னு நினைப்போம். இங்கே பள்ளியைத் தாங்குற அளவுக்குத்தான் ஊருக்கே எல்லை போட்டிருக்காங்க. பள்ளி மூடும்போது அந்த மக்கள் ஏன் அவ்வளவு கலங்குறாங்கன்னு இப்போ புரியும்.

1958இல் தொடக்கப் பள்ளி மாணவர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது: சுமார் 1 கோடியே 35 லட்சம். அதே வருஷம் பள்ளிக் கட்டடச் செலவில் மத்திய அரசின் பங்கை உறுதிப்படுத்துற சட்டமும் வந்தது. புதுக் கட்டடச் செலவில் ஒரு பங்கு மத்திய அரசோடது. மரக் கட்டடங்கள் போய் கான்கிரீட் வந்துச்சு. ஏற்கெனவே 1956இல் கல்வி அமைச்சகம் சின்னப் பள்ளிகளை இணைக்கச் சொல்லி சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஒரு பள்ளியில் 12 முதல் 18 வகுப்புகள் இருந்தா நல்லதுன்னு அளவு. இரண்டு பள்ளியை மூடி ஒண்ணா கட்டினா அதுக்குப் பாதிச் செலவு கிடைக்கும். எதிர்ப்பு கிளம்பினதால், வலுக்கட்டாயமா இணைக்காதீங்கன்னு 1973இல் இன்னொரு சுற்றறிக்கை போனது. ஆனா பிள்ளைகள் குறைவதைச் சுற்றறிக்கையால் நிறுத்த முடியுமா? இன்னைக்கு அந்த 1 கோடியே 35 லட்சத்தில் பாதிகூட இல்லை.

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். கட்டும்போது பங்கு கொடுத்த மத்திய அரசு, இடிக்கும்போது என்ன கொடுக்கும்? வெறுமனே இடிக்கறதுன்னா, அடிப்படையில் அது ஊராட்சியோட சொந்தச் செலவு.

சரி, ஊராட்சி கடன் வாங்கலாமேன்னு கேட்பீங்க. அதுவும் ரொம்ப காலம் முடியல. 1948இல் வந்த உள்ளாட்சி நிதிச் சட்டப்படி, ஊராட்சி கடன் வாங்கணும்னா அந்தப் பணத்தில் ஏதாவது சொத்து உருவாகணும். பாலம் கட்ட வாங்கலாம், பள்ளி கட்ட வாங்கலாம். நாளைக்கு அதைப் பயன்படுத்தப் போறவங்களும் கடனில் பங்கு கட்டுறது நியாயம்ங்கிறது லாஜிக். இடிச்சா மிஞ்சறது காலி மனை. சொத்து எதுவும் உருவாகல, அதனால கடன் கிடையாது. மூடிய பள்ளி இருக்கிற ஊர்னாலே ஆளும் வரி வருமானமும் குறைஞ்ச ஊர். அந்த ஊர் முழுச் செலவையும் கையிருப்பிலிருந்து எடுத்து வைக்கணும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மானியத்தில் கட்டின கட்டடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தணும்னாலும், அதன் ஆயுட்காலம் முடியறதுக்குள் இடிக்கணும்னாலும், அமைச்சகத்தோட அனுமதி வேணும். சில சமயம் மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவும் வேணும். 2008இல் இதைத் தளர்த்தினாங்க. கட்டி 10 வருஷம் தாண்டிய பள்ளியை இலவசமா வேறொருத்தருக்குக் கொடுத்தா, பணம் திருப்பிக் கட்ட வேண்டாம்.

அதுக்குள்ள நிலைமை எங்கே போயிருச்சுன்னா, 2013இல் உள்துறை அமைச்சகம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினப்போ, உள்ளாட்சிகள் இடிக்க நினைக்கிற பொதுக் கட்டடங்கள் 12,000க்கும் மேல் இருந்தன. பள்ளிகள், குடியிருப்புகள் எல்லாம் சேர்த்துத்தான். இடிக்க ஆகும் செலவு சுமார் 40,000 கோடி யென். அடுத்த வருஷமே, 2014இல், சட்டத்தில் ஒரு விதிவிலக்கு சேர்த்தாங்க. ஊராட்சி தன்கிட்ட இருக்கிற எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரு நீண்டகாலத் திட்டம் போட்டா, இடிக்கவும் கடன் வாங்கலாம். முதலில் செலவில் 75 சதவீதம் வரைக்கும், பிறகு 90 சதவீதம்.

நல்ல செய்திதானே? ஆனா சின்ன எழுத்துல இருக்கிறதைப் படிக்கணும். மக்கள்தொகை குறையுற ஊர்களுக்காக 1970இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தர்ற கடனில் பழைய பள்ளியைப் புதுப்பிச்சு வேறொண்ணா மாத்தினா, திருப்பிக் கட்டுறதில் 70 சதவீதம் வரைக்கும் மத்திய அரசின் வரிப் பகிர்வு வழியா ஊருக்குத் திரும்பி வரும். வெறும் இடிப்புக் கடனுக்கு அப்படி எதுவும் கிடையாது, முழுசா ஊர்தான் கட்டணும். அப்போ ஒரு மேயர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஊருக்கு ஒரு அருங்காட்சியகம் தேவையோ இல்லையோ, கணக்கு அந்தப் பக்கம்தான் தள்ளும்.

இதன் அழகான முகம் கொச்சி மாவட்டத்தின் முரோட்டோ. கடலோர ஊர். 2006இல் மூடிய ஷீனா தொடக்கப் பள்ளி, 2018 ஏப்ரலில் மீன் காட்சியகமாத் திறந்தது. வெளியே இருக்கிற 25 மீட்டர் நீச்சல் குளத்தில் சுறாவும் ஆமையும் நீந்துது. பிள்ளைகள் கை கழுவின தொட்டியில் மீன்கள். உள்ளூர் மீனவர்கள் வலையில் மாட்டுறதைக் கொடுக்கிறாங்க. முதல் வருஷத்திலேயே பார்வையாளர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினாங்க. இணையத்தில் ஹைகோன்னு தேடினா இந்த மாதிரிப் படங்கள்தான் வரும். கல்வி அமைச்சகமும் 2010 முதல் மூடிய பள்ளிகளையும் அவற்றைப் பயன்படுத்த விரும்புறவங்களையும் இணைக்க ஒரு திட்டம் நடத்துது.

ஆனா எண்ணிக்கையைப் பாருங்க. அந்த 8,580 பள்ளிகளில் 2021 மே மாத நிலவரப்படி கட்டடம் மிச்சமிருந்தது 7,398. அதில் 5,481 ஏதோ ஒரு வகையில் பயன்பாட்டில் இருக்கு. அதிகமானவை வேறொரு பள்ளியாவோ விளையாட்டுக் கூடமாவோதான் இருக்கு. மீதி 1,917 சும்மா நிக்குது. ஏன்னு கேட்டா, கட்டடம் பழசாயிடுச்சு, ஊரில் யாரும் கேட்கலைங்கிறதுதான் முக்கியமான பதில்கள். மீன் காட்சியகம் நடத்த ஆர்வமுள்ள ஒரு குழு எல்லா மலைக் கிராமத்துக்கும் வந்து சேராது.

சும்மா நிக்கிற கட்டடமும் சும்மா இருக்கிறதில்லை. 1981இல் ஜப்பான் நிலநடுக்க விதிகளைக் கடுமையாக்கியது. அதுக்கு முன் கட்டின பள்ளிகள் பெரிய நிலநடுக்கத்தில் ஆபத்து. பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தா இடிப்புச் செலவு இன்னும் ஏறும். அதே சமயம், பல ஊர்களில் பேரிடர் வந்தா மக்கள் ஓடிப் போய்த் தங்குற இடமும் பள்ளிதான். இடிச்சா புயல் நாளில் எங்கே போறது? இடிக்கலைன்னா அந்தக் கட்டடமே தலையில் விழுமோ? பாட்டி, பேரன் எல்லாரும் ஒண்ணா ஓடிய விளையாட்டு நாள் நடந்த மைதானமும் அதுதான். அதனால கூட்டம் போட்டுக் கூட்டம் போட்டு முடிவெடுக்காமலே வருஷங்கள் போகுது.

கடன் வாங்கி இடிக்கிறதை எதிர்க்கிறவங்க வாதத்திலும் நியாயம் இருக்கு. அந்தப் பள்ளியில் படிக்காத, இன்னும் பிறக்காத ஒருத்தர் அதை இடிச்ச கடனை ஏன் கட்டணும்? என் பதில் இது: கடன் வாங்காம விட்டா அதே ஆள் இடிபாட்டையும், ஏறிப்போன செலவையும் சேர்த்து வாங்கிப்பார். ஆனா அந்தச் சுமை முழுக்க அந்த ஊரோடது மட்டும்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. எத்தனை வகுப்பு இருக்கணும், எந்தெந்த ஊர் ஒண்ணாகணும், எதுக்குப் பாதிச் செலவு கிடைக்கும் என எல்லாத்துக்கும் அளவு வச்சது டோக்கியோ. கட்டும்போது பங்குதாரர்னா, இடிக்கும்போதும் பங்குதாரர்தான்.

சாஃப்ட்வேர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். புது ஃபீச்சருக்கு பட்ஜெட் உண்டு. பழைய சிஸ்டத்தை நிறுத்துறது யாரோட டிக்கெட்டிலும் இருக்காது. நான் ஜப்பானிய மேயரா இருந்தா, புதுசா எந்தக் கட்டடத்துக்கு ஒப்புதல் கொடுத்தாலும், இதை ஒருநாள் இடிக்க எவ்வளவு ஆகும், அந்தக் காசு எங்கேயிருந்து வரும்னு முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வேன். இப்போ மாணவர்கள் நிறைஞ்சிருக்கிற, இணைப்புக்குப் பிறகு கட்டின புதுப் பள்ளிகளுக்கும் அந்த நாள் வரும்.

இந்த எபிசோடுக்கு இவ்வளவுதான். உங்க ஊரில் மூடிக் கிடக்கிற பொதுக் கட்டடம் ஏதாவது இருந்தா, அது யார் பேரில் இருக்கு, இடிக்கிற பொறுப்பு யாருக்குன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.