ஓய்வுக்கென எழுந்த மலையில் ஓயாதவர்கள்



சென்ற தவணையின் பெற்றோர் சந்திப்பு நாளன்று, கம்போங் ராஜாவில் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் விற்கும் ஒரு தந்தையிடம், "வரும் பள்ளி விடுமுறையிலாவது பிள்ளையை எங்கேனும் அழைத்துச் செல்லுங்கள், அண்ணே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "டீச்சர், ஸ்கூல் லீவுலதான் எனக்கு வியாபாரமே. அன்னைக்குக் கடையச் சாத்தினா எனக்கு யாரு சம்பளம் கொடுப்பா?"

என்னிடம் விடை இருக்கவில்லை. மாதச் சம்பளமும் ஆண்டு விடுமுறையும் பெறுகின்ற நான் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன் என்று கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சமே என்னைப் பழைய வரலாற்றைப் புரட்ட வைத்தது.

முதலில் நம் மலையை எடுத்துக்கொள்வோம். 1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டு எழுதினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே இதனை மலைவாழிடமாக்கும் முயற்சி சூடுபிடித்தது. சமவெளியின் வெப்பத்தில் களைத்த ஆங்கிலேய அதிகாரிகளும் துரைமார்களும் உடல் தேறிச் செல்ல ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஓய்வெடுக்க வந்தவர்களுக்குப் பங்களாக்கள் எழுந்தன. கொழுந்து கிள்ள வந்த நம்மவர்களுக்கு லயங்கள் எழுந்தன. ஓய்வுக்கென்றே உருவாக்கப்பட்ட ஊரில் ஓய்வு யாருக்கு என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

தொழிலாளிக்குச் சட்டம் ஓரளவு விடை தந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும், பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 8, 12 அல்லது 16 நாள் விடுமுறையையும் உறுதி செய்கிறது. ஆனால் அது சம்பளம் பெறுவோருக்கு மட்டுமே. தோட்டத்தை விட்டு வெளியேறி, சொந்தமாக லாரியோ ஒட்டுக்கடையோ காய்கறித் தோட்டமோ வைத்து முன்னேறிய நம் பெற்றோர்கள், முன்னேறிய அன்றே அந்தச் சட்டத்தின் நிழலை விட்டும் வெளியேறிவிட்டார்கள். 2017-இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில் செய்கையில் அடிபட்டால் உதவும். களைத்துப் போனவருக்கு அதில் இடமில்லை.

அப்படியானால் சொந்தத் தொழில் செய்த நம் முன்னோர் எப்படி ஓய்ந்தார்கள்? இங்கேதான் நகரத்தார் வரலாறு நினைவுக்கு வருகிறது. பினாங்கிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் கிட்டங்கிகளில் அமர்ந்து வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களிடம் ஒரு கண்டிப்பான முறை இருந்தது. கடையை நடத்த அனுப்பப்படும் மேலாள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் இருப்பார். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு, கப்பலேறிச் செட்டிநாட்டுக்குத் திரும்புவார். சில காலம் ஊரில் மனைவி மக்களோடு தங்கிவிட்டு மீண்டும் ஒரு தவணைக்குப் புறப்படுவார். கடையில் அவருக்குக் கீழ் அடுத்தாள் என்றொருவர் இருப்பார். அவருக்கும் கீழே தொழில் பழகும் பெட்டியடிப் பையன். பையன் அடுத்தாளாகி, அடுத்தாள் மேலாளாகி, பிறகு தாமே முதலாளியானவர்களும் உண்டு.

இம்முறையை நான் போற்றிப் பாடவில்லை. மூன்றாண்டுகள் மனைவி ஓரிடம், கணவர் ஓரிடம் என்பது கொடுமைதான். அந்தப் பெண்களின் தனிமையை யாரும் பேரேட்டில் எழுதி வைக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுடைய ஓய்வு மனம் வந்தபோது எடுத்த ஓய்வன்று. கணக்கு எழுதி முடிக்கப்பட்டிருந்தது. பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. அதனால் மேலாள் ஊருக்குப் போனாலும் கடை திறந்தே இருந்தது.

இதற்கு நம் மலையிலேயே ஒரு விந்தையான சான்றும் உண்டு. தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கத் தொழிலதிபர் ஜிம் தாம்சன், 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு நண்பர்களோடு கேமரன் மலைக்கு வந்து, தானா ராத்தா அருகே 'மூன்லைட்' என்ற பங்களாவில் தங்கினார். மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்கள் பிற்பகல் உறக்கத்தில் இருந்தபோது வெளியே சென்றவர் திரும்பவே இல்லை. காவல்துறையினரும் ஓராங் அஸ்லி மக்களும் காட்டைச் சல்லடையாகச் சலித்தும் பயனில்லை. 1974-இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் என் மாணவர்கள் "புலியா டீச்சர்?" என்றுதான் கேட்பார்கள். எனக்கோ வேறொன்று வியப்பாக இருக்கிறது. நிறுவியவர் திரும்பாத அந்த நிறுவனம் மூடப்படவில்லை. இன்றும் பாங்காக்கில் அவர் பெயராலேயே நடக்கிறது. நெசவாளர்கள் தங்கள் வீட்டுத் தறிகளிலேயே நெய்து கொடுக்கும்படி தொழிலைத் தொடக்கத்திலேயே அமைத்தவர் அவர். தாம் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்பது ஒவ்வொரு முதலாளிக்கும் உள்ள அச்சம். பெரும்பாலும் அவ்வாறு நிற்பதில்லை.

"அவர்களெல்லாம் பெரிய முதலாளிகள், டீச்சர்" என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, நம் பாட்டிமார் அறிந்ததையே சொல்கிறேன். தேயிலைச் செடியை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். வெட்டிய செடியில் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடைக்காது. அந்த இழப்பைத் தாங்காவிட்டால் செடி உயர்ந்து மரமாகிவிடும், கொழுந்தும் குறையும். ஆனால் மலை முழுவதையும் ஒரே நாளில் யாரும் வெட்டுவதில்லை. பகுதி பகுதியாக வெட்டுவார்கள். ஒரு பகுதி தழைக்கும் வரை மற்றப் பகுதிகளின் கொழுந்து ஆலைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் ஒரு மாலை கடைவாசலில் நின்றே சொன்னேன். முள்ளங்கிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். எதுவும் சொல்லவில்லை. "அடுத்தாள்" என்ற சொல்லை மட்டும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

விடுமுறை முடிந்து, சுற்றுலாப் பேருந்துகள் குறைந்த பிறகு, ஒரு செவ்வாயும் புதனும் அவருடைய மகன் பள்ளிக்கு வரவில்லை. கடையில் மைத்துனர் அமர்ந்திருந்ததைப் போகும் வழியில் பார்த்தேன். வியாழனன்று பையன் கட்டுரை ஏட்டைக் கொண்டுவந்து நீட்டினான். லுமுட் கடற்கரையைப் பற்றி இரண்டு பக்கம். மலையில் பிறந்து வளர்ந்த அவன் கண்ட முதற்கடல் அது. எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கையொப்பமிட்டேன். வருகைப் பதிவேட்டில் இரு நாளும் வரவில்லை என்றே குறித்திருக்கிறேன். காரணக் கடிதம் கேட்கவில்லை.