டிரைவை மாற்றுதல்: ஐபிஎம் பிசி முதல் மெமரி கார்டு வரை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய முதல் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. முகப்பில் இரண்டு ஃபிளாப்பி டிரைவுகளுக்கு இடம் உண்டு. ஒரு ஃபிளாப்பியில் 160 கிலோபைட் அடங்கும். இன்று அந்தக் கணினியை உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்த டிரைவுகளில்தான். சிப்புகள் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடுகின்றன. பெல்ட் தளர்கிறது, ரப்பர் இளகுகிறது, மசகு இறுகிப்போகிறது.

ஒரு டிரைவைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது எல்லாக் காலத்திலும் ஒரே வேலையாக இருந்ததில்லை. டிஸ்கின் அளவும் அமைப்பும் என்ன என்பதை யார் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? அந்தப் பொறுப்பு கைமாறிய ஒவ்வொரு முறையும் மாற்றும் முறையும் மாறியது.

ஃபிளாப்பியின் கதை சுருக்கமானது. ஷுகார்ட் நிறுவனம் 1976-இல் கொண்டுவந்த எஸ்ஏ400 டிரைவின் 34 முனை இணைப்பையே ஐபிஎம்மும் எடுத்துக்கொண்டது. செய்த ஒரே குறும்பு, கேபிளின் நடுவே சில கம்பிகளை முறுக்கிவிட்டது. இரண்டு டிரைவுகளையும் ஒரே மாதிரி அமைத்துவிடலாம்; முறுக்கைத் தாண்டி மாட்டப்படுவது ‘ஏ’, முன்னால் இருப்பது ‘பி’. இந்த இணைப்பு அப்படியே நிலைத்துவிட்டதால், தொழிற்சாலை இயந்திரங்களுக்கென விற்பனைக்கு வந்த கோடெக் என்ற யுஎஸ்பி பெட்டியைப் பழைய பிசியிலும் அதே கேபிளில் சொருக முடிகிறது. பென் டிரைவில் உள்ள கோப்பைக் கணினி ஃபிளாப்பி என்றே எடுத்துக்கொள்கிறது.

ஹார்ட் டிஸ்க் அவ்வளவு எளிதில் மசியவில்லை. ஆலன் ஷுகார்ட்டும் ஃபினிஸ் கானரும் வேறு சிலருடன் தொடங்கிய சீகேட், 1980-இல் 5 மெகாபைட் எஸ்டி-506-ஐயும் அடுத்து 10 மெகாபைட் எஸ்டி-412-ஐயும் வெளியிட்டது. ஐபிஎம்மின் 1983 எக்ஸ்டி கணினியில் இந்த 10 மெகாபைட் வகை டிஸ்க் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு 1981 பிசியிலும் ஒன்றைப் பொருத்த ஆசைப்பட்டவர்களுக்கு இரண்டு முட்டுக்கட்டைகள். 63.5 வாட் மின்வழங்கி போதவில்லை. எக்ஸ்டியில் அது 130 வாட். போதாக்குறைக்கு, 1982 அக்டோபருக்கு முந்தைய பயாஸ் விரிவாக்க அட்டைகளில் உள்ள ரோமைத் தேடிப் பார்க்கவே பார்க்காது. டிஸ்க் சேர்க்க வேண்டுமானால் மதர்போர்டில் உள்ள ரோம் சிப்பையே மாற்ற வேண்டும்.

மாட்டிய பிறகும் வேலை முடியாது. எஸ்டி-412 தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. 306 சிலிண்டர், 4 ஹெட், தடத்துக்கு 17 செக்டார் என்ற கணக்கெல்லாம் தனியாக இருந்த கட்டுப்பாட்டு அட்டைக்குத்தான் தெரியும். டிரைவின் மேல் ஒட்டப்பட்ட தாளில் பழுதான தடங்களின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டிவிட்டு, அடிமட்ட ஃபார்மட் செய்ய வேண்டும். ஹெட்டை நகர்த்திய ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தடம் சரியாக எங்கே இருக்கிறது என்று அறிய வழியில்லை. சூட்டில் உலோகம் விரிந்து ஹெட் விலகினால் பிழைகள் தலைகாட்டும், மறுபடியும் ஃபார்மட்தான்.

1984-இல் வந்த ஐபிஎம் ஏடி, டிஸ்கின் அமைப்பைத் தெரிந்து வைத்திருக்கும் பொறுப்பை பயாஸிடம் ஒப்படைத்தது. டிஸ்க் வகைகளின் பட்டியல் ஒன்று ரோமில் பதிந்திருந்தது. முதல் பயாஸில் இருந்தவை 14 வகைகள். புதிய டிஸ்க் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், நெருங்கிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து மிச்ச இடத்தை வீணாக்க வேண்டியதுதான். தேர்ந்தெடுத்த எண்ணை நினைவில் வைத்திருந்தது ஒரு பேட்டரி. அது தீர்ந்துபோனால் கணினிக்குத் தன் டிஸ்கே அடையாளம் தெரியாது. இன்றும் ‘டிஸ்க் செத்துவிட்டது’ என்று ஒதுக்கப்படும் ஏடி கணினிகளில் பேட்டரியைச் சோதித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது நல்லது.

1980-களின் நடுவில் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற நிறுவனங்களின் முயற்சியில் ஐடிஇ என்ற இணைப்பு முறை பிறந்தது. கட்டுப்பாட்டு மின்சுற்று டிஸ்கின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. கூடவே டிஸ்க் பொய் சொல்லவும் கற்றுக்கொண்டது. உள்ளே இரண்டே தட்டுகள் இருக்கும். வெளியே 16 ஹெட் என்று சொல்லும். வெளித்தடங்களில் கூடுதல் செக்டார்கள் இருந்தாலும் எல்லாத் தடங்களிலும் ஒரே எண்ணிக்கை என்று காட்டும். பயாஸுக்கு இது போதுமானதாக இருந்தது, ஓர் எல்லை வரை. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்று பெருக்கினால் கிடைக்கும் செக்டார்களில் அடங்குவது ஏறத்தாழ 528 மில்லியன் பைட்டுகள். அதற்கு மேல் பழைய பயாஸால் எண்ண முடியாது. 1990-களில் பெரிய டிஸ்க் வாங்கியவர்கள் ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற நிரல்களை ஏற்றி அந்தச் சுவரைத் தாண்டினார்கள்.

பழைய கணினிகளை இன்று காப்பாற்றுவதும் இந்தப் பொய்தான். சான்டிஸ்க் 1994-இல் அறிமுகப்படுத்திய காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டு, ஐடிஇ டிஸ்க் பேசும் மொழியையே பேசக்கூடியது. ஐடிஇ இணைப்பு உள்ள ஏடி வகைக் கணினியில் மலிவான அடாப்டர் ஒன்றே போதும். எக்ஸ்டியின் 8 பிட் பாதைக்கு, எக்ஸ்டிஐடிஇ பயாஸ் பதித்த அட்டை இடையில் தேவை. மென்பொருளுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஹார்ட் டிஸ்கின் இரைச்சல் மட்டும் இல்லை.

1983-இன் அசல் கட்டுப்பாட்டு அட்டையை அகற்ற மனம் வராதவர்களுக்குச் சற்றே செலவு பிடிக்கும் வழியும் உண்டு. பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகையில் ஏறி அமரும் எஸ்டி-412 வகை டிஸ்குகளின் எம்எஃப்எம் பதிவுமுறையைப் போலிசெய்யும் எமுலேட்டர், நிமிடத்துக்கு 3600 முறை சுழலும் தட்டிலிருந்து வருவது போலவே நொடிக்கு 50 லட்சம் பிட் வேகத்தில் துடிப்புகளை அனுப்புகிறது. மின்சாரம் போனால் எழுதி முடிப்பதற்கென்று மின்தேக்கிகளும் வைத்திருக்கிறது. பழைய அட்டை இதற்கும் அடிமட்ட ஃபார்மட் செய்துகொடுக்கிறது, சுழலும் தட்டு ஒன்று எதிரே இருப்பதாகவே எண்ணிக்கொண்டு.