ரயிலடியில் கடைத்தெரு: ஒசாகாவும் தி.நகரும்

1/ அபிராமபுரத்துலேருந்து தி.நகர் பக்கம்தான். ஆனா தீபாவளி சமயத்துல அங்க போகணும்னா வீட்ல ஒரு ஆலோசனைக் கூட்டமே நடக்கும். வண்டியை எங்க விடுறது, குழந்தையை யார் பிடிச்சுக்கிறதுன்னு. இந்தக் கூட்டம் எப்படி உருவாச்சு? சின்ன வரலாறு சொல்றேன். கடைசியில ஒரு வேண்டுகோளும் இருக்கு.

2/ தி.நகர், 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில், பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து அமைத்த குடியிருப்பு. பிட்டி தியாகராயர் பெயர் வைத்தார்கள். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மாம்பலத்தில் இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு. ஜனம் வந்த வழியிலேயே கடைகளும் வந்தன.

3/ அதே காலத்தில் ஜப்பானின் ஒசாகாவில் இதைத் திட்டம் போட்டே செய்தார் ஒருத்தர். ஹான்க்யூ ரயில் கம்பெனியின் இச்சிஸோ கோபயாஷி. 1929-ல் உமேதா நிலையத்திலேயே பல மாடிக் கடையைத் திறந்தார். ரயிலை விட்டு இறங்கினால் கடை, வாங்கி முடித்தால் ரயில். இன்றைக்கும் ஜப்பானின் பெரிய நிலையங்கள் பலவும் இப்படித்தான்.

4/ நம்ம ஊர்ல மாம்பலம் ஸ்டேஷனுக்கும் தி.நகர் பஸ் நிலையத்துக்கும் நடுவே ஆகாய நடைபாதை வந்தது 2023-ல்தான். நீளம் சுமார் 570 மீட்டர். முழங்கால் வலிக்காரங்களுக்கு லிஃப்ட்டும் உண்டு. தாமதம்தான், ஆனா நல்ல வேலை.

5/ சரி, உள்ளே போக வழி வந்தாச்சு. வெளியே வர?
ஒசாகா அதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1972 மே 13 இரவு, சென்னிச்சி கடைக் கட்டடத்தின் 3-வது மாடியில் தீ. செத்தவர்கள் 118 பேர். எல்லோரும் இருந்தது 7-வது மாடி கேளிக்கை விடுதியில். தீ அங்கே போகவே இல்லை. புகைதான் போனது.

6/ புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். சில நிமிஷத்தில் தலை சுற்றும், புத்தி குழம்பும். கதவு எதிரேயே இருந்தாலும் போகத் தெரியாது.

7/ அடுத்த வருஷம் குமமோட்டோவில் இன்னொரு கடையில் தீ, நூறு பேருக்கு மேல் பலி. 1974-ல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது. புதுக் கடைகள் மட்டுமில்லை, ஏற்கெனவே இருக்கும் கடைகளும் தீயணைப்பு வசதி வைத்தே ஆகணும்.

8/ நமக்கும் எச்சரிக்கை வந்தது. 2017 மே 31, உஸ்மான் ரோட்டில் பல மாடித் துணிக்கடை எரிந்தது. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாச்சு. நடந்தது விடிகாலையில், கடை திறக்கும் முன். அதுவே தீபாவளிக்கு முந்தின ஞாயிறு சாயங்காலமா இருந்திருந்தா? யோசிச்சுப் பாருங்க.

9/ வேண்டுகோள் இதுதான். பல மாடிக் கடைக்குள்ள போனதும் முதல்ல படிக்கட்டு எங்கேன்னு பாருங்க. அதுல துணி மூட்டை அடுக்கியிருந்தா மேனேஜர்கிட்ட சொல்லுங்க. புகை தெரிஞ்சா லிஃப்ட் வேண்டாம். குனிஞ்சு, படி வழியா உடனே வெளியே வாங்க. பில் போட்ட பை போனா போகட்டும். புடவை அடுத்த வாரமும் கிடைக்கும்.